வழி கேட்காமல் ஊர் சுற்றலாம்: சைக்கிள் சுற்றுலாப் பாதைகள் உருவாகும் விதம்

வெளியூர்க்காரர் ஒருவர் சைக்கிளில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சாலையில் லாரி அதிகம், எந்தத் தெரு முட்டுச்சந்தாக முடியும், எந்த ஊரில் மதியம் சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அந்த ஊர் மொழியும் தெரியாமல் இருக்கலாம். அவர் காலையில் கிளம்பி, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் நிம்மதியாக ஓட்டி, பார்க்க வேண்டியதைப் பார்த்து, மாலையில் தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 'வழி தப்பிவிட்டோமோ' என்ற பயம் நடுவில் ஒரு தடவைகூட வரக் கூடாது. இதற்கான மொத்த ஏற்பாட்டுக்குத்தான் சைக்கிள் சுற்றுலாப் பாதை என்று பெயர்.

பாதை என்றதும் தார் போடுவதும் கோடு கிழிப்பதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உண்மையில் உலகின் பேர்பெற்ற சைக்கிள் பாதைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்த தடங்கள்தான். கால்வாய்க் கரை, வயல்களுக்கு நடுவே போகும் ஊர்ச்சாலை, ரயில் நின்றுபோன தண்டவாளத் தடம் போன்றவற்றைத் தேடிப் பிடித்து, ஒன்றோடொன்று இணைத்து, வழிகாட்டிப் பலகை வைத்ததுதான் புதிய வேலை. அந்தக் கடைசி வேலையில்தான் பாதைகள் பிழைப்பதும் வீணாவதும் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இந்தக் கட்டுரையில் பலகைகளைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

வேலைக்குப் போகும் பாதை வேறு, சுற்றிப் பார்க்கும் பாதை வேறு

நெதர்லாந்தில் சைக்கிள் பாதை வடிவமைப்பவர்கள் ஒரு பாதையை ஐந்து விஷயங்களை வைத்து எடைபோடுவார்கள்: தொடர்ச்சி, நேர்வழி, பாதுகாப்பு, வசதி, ஈர்ப்பு. அலுவலகம் போகிறவருக்கு நேர்வழி முக்கியம். இரண்டு நிமிடம் மிச்சமாகும் என்றால் அழகில்லாத சாலையிலும் போவார். சுற்றுலா வந்தவருக்கு இது தலைகீழ். ஆற்றங்கரையை ஒட்டிப் போகலாம் என்றால் மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போகவும் தயங்க மாட்டார். ஆனால் இரைச்சலான நெடுஞ்சாலையில் ஐந்நூறு மீட்டர் ஓட்டச் சொன்னால் அன்றைய நாளின் சந்தோஷமே கெட்டுவிடும்.

அந்த நாட்டின் பலகைகளிலேயே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து இருந்தால் அது ஊருக்குப் போகும் வழக்கமான சைக்கிள் வழி. அதே வெள்ளையில் பச்சை எழுத்து இருந்தால் இயற்கையைப் பார்த்துக்கொண்டு போகும் வழி. ஒரே ஊருக்கு இரண்டு நிறத்திலும் அம்புக்குறி இருக்கும் சந்திப்புகள் உண்டு. அவசரமா, ஆசையா என்று ஓட்டுபவரே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததில்லை. அங்கே இன்று கார் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த ஏ.என்.டபிள்யூ.பி. என்ற பயணிகள் அமைப்பு, 1883இல் சைக்கிள் ஓட்டுபவர்களின் சங்கமாகத்தான் தொடங்கியது. 1894இலேயே வழிகாட்டிப் பலகைகள் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1919இல் அவர்கள் நட்ட ஒரு புதுமாதிரிக் குட்டைக் கல் இன்றும் காட்டுப் பாதைகளில் நிற்கிறது. முழங்கால் உயரம்தான் இருக்கும். மேலே குடை போன்ற தலை, அதன் சரிவான பக்கங்களில் ஊர்ப் பெயர்களும் தூரமும். பார்க்கக் காளான் மாதிரி இருப்பதால் மக்கள் அதைக் காளான் என்றே கூப்பிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு, அந்த எண் வரைபடத்திலும் இருக்கும். ஆகவே காட்டுக்குள் எங்கே நிற்கிறோம் என்று சைக்கிளைவிட்டு இறங்காமலே தெரிந்துகொள்ளலாம்.

தடத்தை எங்கே தேடுவது?

சைக்கிள் ஓட்டுபவரின் முதல் எதிரி ஏற்றம், இரண்டாவது எதிரி வாகன நெரிசல். இந்த இரண்டும் இல்லாத இடங்களை யாரோ முன்னமே உருவாக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

ரயில்வேக்காரர்கள் உருவாக்கி வைத்திருக்கிறார்கள். ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால், மலைப்பகுதியில்கூடத் தண்டவாளத்தை மெல்ல மெல்ல உயர்த்தித்தான் கொண்டுபோயிருப்பார்கள். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஒட்டாகோ பகுதியில் ஓடிக்கொண்டிருந்த ரயில் 1990இல் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுச் சரளை போட்டு, 2000இல் 152 கிலோமீட்டர் சைக்கிள் தடமாகத் திறந்தார்கள். மலைநாடாக இருந்தும் அந்தத் தடத்தில் மிகக் கடுமையான ஏற்றமே நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர்தான். பாலங்களும் சுரங்க வழிகளும் ரயில் காலத்திலிருந்தே இருந்தன. ஆள் குறைந்துகொண்டே போன சின்ன ஊர்களில் சாப்பாட்டுக் கடையும் விடுதியும் மறுபடி உயிர்பெற்றன. இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் நகரங்களுக்கு இடையே கைவிடப்பட்ட ரயில் தடத்தைத் தன்னார்வலர்கள் சேர்ந்து 1979 முதல் சைக்கிள் பாதையாக மாற்றியதும் இதே யோசனைதான்.

ஆறுகளும் அப்படித்தான். டேன்யூப் நதியில் என்ஜின் படகு வருவதற்கு முன் கப்பல்களைக் கயிறு கட்டிக் குதிரைகள்தான் கரையிலிருந்து இழுத்தன. குதிரை நடக்கத் தோதாகச் சமதளமான கரைப்பாதை இருந்தது. 1980களில் ஆஸ்திரியாவில் அந்தக் கரைப்பாதையைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். ஜெர்மனியின் பாசாவ் நகரில் தொடங்கி வியன்னா வரை முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஆறு போகும் திசையிலேயே போவதால் மெல்லிய இறக்கம் எப்போதும் கூடவே வரும். அந்தப் பக்கம் காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வீசும், ஆகவே முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். வியன்னா போய்ச் சேர்ந்தபின் சைக்கிளோடு ரயில் ஏறித் திரும்பிவிடலாம். வாழ்க்கையில் முதன்முறையாகச் சைக்கிள் பயணம் போகும் ஐரோப்பியக் குடும்பங்கள் பல இந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுதான் காரணம். யார் வேண்டுமானாலும் ஓட்டி முடிக்கலாம்.

எண்களால் பின்னிய வலை

டேன்யூப் பாதை ஒரு நேர்க்கோடு. ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும், நடுவில் நமக்குத் தேர்வு கிடையாது. இன்னொரு வகை வட்டப் பாதை: கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும், '35 கிலோமீட்டர் கோட்டைச் சுற்று' என்பது மாதிரி ஒரு பெயர் வைத்திருப்பார்கள். வட்டப் பாதையில் எல்லோரும் ஒரே வழியில், ஒரே கடையைக் கடந்துதான் போக வேண்டும். நடுவில் மழை வந்தாலோ பிள்ளை அழுதாலோ சுருக்கிக்கொள்ள வழியில்லை. பத்து வட்டப் பாதைகள் ஒரே சந்திப்பைக் கடந்தால் பத்துப் பலகைகள் அங்கே மாட்டப்படும், எது நம்முடையது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு விடை பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்திலிருந்து வந்தது. அது நிலக்கரி பூமி. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, கடைசியாக ஸோல்டர் சுரங்கம் 1992இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு போன மாகாணம் வேறு வழி தேடிக்கொண்டிருந்தது. அங்கே சுரங்கப் பொறியாளராக இருந்த ஹ்யூகோ போலன் ஒரு யோசனை சொன்னார். பாதைகளுக்குப் பெயர் வைப்பதை விட்டுவிடுங்கள், பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுங்கள் என்றார். பூமிக்கடியில் கிளை கிளையாகப் பிரியும் சுரங்க வழிகளில் எண்களை வைத்து இடம் கண்டுபிடிக்கும் பழக்கத்திலிருந்து இந்த யோசனை அவருக்கு வந்ததாகச் சொல்வார்கள். 1995இல் லிம்பர்க்கில் முதல் எண் வலை திறக்கப்பட்டது.

இதன் பயன்பாடு எளிமையானது. ஒரு சந்திப்பில் நிற்கிறீர்கள். கம்பத்தில் பெரிதாக ஓர் எண், 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அந்த வட்டாரத்தின் வரைபடப் பலகை. அதில் எல்லாச் சந்திப்புகளும் எண்களோடு, அவற்றுக்கிடையே உள்ள தூரமும் இருக்கும். அங்கிருந்து மூன்று அம்புக்குறிகள் புறப்படுகின்றன: ஒன்று 15க்கு, ஒன்று 38க்கு, ஒன்று 7க்கு. நீங்கள் 38 என்று தீர்மானித்தால், 38 என்று எழுதிய அம்புக்குறியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் போதும். வழியில் எத்தனை வளைவு வந்தாலும் ஒவ்வொன்றிலும் 38 இருக்கும். 38ஐ அடைந்ததும் அங்கே மறுபடி வரைபடம், மறுபடி தேர்வு.

அன்றைக்கு ஓட்ட வேண்டிய எண்களை ஒரு துண்டுச் சீட்டில் வரிசையாக எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு போகிறவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம். 12, 38, 41, 9, 15, 12. ஒரு நாள் பயணம் முழுக்க இந்த ஒரே வரிக்குள் அடங்கிவிட்டது. கால் வலித்தால் 41இலிருந்து நேரே 15க்கு வந்துவிடலாம், தெம்பு இருந்தால் இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்துக்கொள்ளலாம். நடத்துபவர்களுக்கும் இதில் பெரிய லாபம் உண்டு. ஒரே ஒரு வகைப் பலகையை வைத்துக்கொண்டு எண்ணற்ற பயணங்களைக் கொடுக்க முடிகிறது. நெரிசல் ஒரே தடத்தில் குவியாமல் ஊர் ஊராகப் பரவுகிறது. ஒதுக்குப்புறத்தில் இருக்கும் கிராமத்துக் காப்பிக் கடைக்கும் ஆள் வருகிறது.

ஆரம்பத்தில் எல்லோரும் குழம்பும் ஒரு விஷயம்: எண்கள் வரிசையாக இருக்காது. 12க்குப் பக்கத்தில் 13 இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலும் இரண்டு இலக்கம்தான் என்பதால் ஒரே எண் வேறு வட்டாரத்தில் திரும்பவும் வரும். அருகருகே ஒரே எண் வராமல் பார்த்துக்கொண்டால் ஓட்டுபவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. இரண்டு இலக்கத்தை ஓடும் சைக்கிளிலிருந்தே படித்துவிடலாம், மனசிலும் நிற்கும்.

1999இல் எல்லைக்கு அந்தப் பக்கம் நெதர்லாந்து இந்த முறையை எடுத்துக்கொண்டது. இன்று அந்த நாடு முழுக்க எண் வலைதான், மொத்தம் 30,000 கிலோமீட்டருக்கும் மேல். ஜெர்மனியின் எல்லைப் பகுதிகளுக்கும் பரவிவிட்டது. சுரங்கம் மூடிய ஒரு மாகாணத்தில் பிறந்த யோசனை இவ்வளவு தூரம் போனதற்கு, அதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தெரிந்திருக்கத் தேவையில்லை என்பதும் ஒரு காரணம்.

ஒரு பலகையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்

நிதானமாக ஓட்டுபவரின் வேகம் மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஐந்து மீட்டர். திருப்பத்துக்கு இருபது மீட்டர் முன்னால் பலகை கண்ணில் பட்டால் அவருக்கு நான்கு நொடி கிடைக்கிறது. அதற்குள் படித்து, பின்னால் வருகிறவரைத் திரும்பிப் பார்த்து, கை காட்டி, பிரேக் பிடித்துத் திரும்ப வேண்டும். நான்கு நொடி போதும். ஆனால் பலகை திருப்பத்தைத் தாண்டி ஒரு மரத்துக்குப் பின்னால் இருந்தால், அவர் நேராகப் போய்விட்டு, 'அங்கே ஏதோ பச்சையாகத் தெரிந்ததே' என்று யோசித்து நின்று திரும்புவார். பிள்ளைகளும் பின்னால் வந்தால் நான்கு சைக்கிளும் நடுரோட்டில் திரும்பும். வேகமாக வண்டி வரும் சாலையில் அது ஆபத்து.

அதனால் முக்கியமான திருப்பங்களில் மூன்று இடத்தில் பலகை வேண்டும். திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று: திருப்பம் வருகிறது என்று சொல்ல. திருப்பத்திலேயே ஒன்று: எந்தப் பக்கம் என்று காட்ட. திரும்பிய பிறகு கொஞ்ச தூரத்தில் ஒன்று: சரியாகத்தான் வந்திருக்கிறாய் என்று சொல்ல. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது இந்த மூன்றாவதைத்தான். அதை மட்டும் வெட்டவே கூடாது என்பேன். தப்பான வழியில் ஓட்டும்போது வருத்தம் தெரியாது, தெரிந்த பிறகுதான் வரும். ஆனால் சந்தேகத்தோடு ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் மனசு பாதையிலேயே இருக்கும், பக்கத்தில் இருக்கும் ஆறு கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சின்னப் பலகைதான் அவர் தலையை நிமிர்த்தி ஊரைப் பார்க்க வைக்கிறது.

இன்னும் இரண்டு விதிகள். ஓர் ஊரின் பெயரைப் பலகையில் ஒருமுறை எழுதிவிட்டால், அந்த ஊர் வரும்வரை எல்லா முடிவெடுக்கும் இடத்திலும் அந்தப் பெயர் இருந்தாக வேண்டும், நடுவில் காணாமல் போகக் கூடாது. அப்புறம், பலகை எதுவும் இல்லையென்றால் நேராகப் போக வேண்டும் என்ற வழக்கத்தைப் பாதை முழுக்க ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் பலகை இல்லாததற்கு 'நேராகப் போ' என்றும், இன்னோர் இடத்தில் 'பலகை விழுந்துவிட்டது' என்றும் பொருள் வந்தால், ஓட்டுபவர் எதையும் நம்ப மாட்டார்.

பலகையே இல்லாமல் இதைச் சாதித்த இடமும் உண்டு. ஜப்பானில் ஓனோமிச்சி, இமபாரி என்ற இரண்டு நகரங்களுக்கு நடுவே கடலில் ஆறு தீவுகள், அவற்றை இணைக்கும் பெரிய பாலங்கள். 1999இல் திறந்த இந்த ஷிமனாமி கைடோ வழி சைக்கிளுக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். தீவுச் சாலைகளின் இடது ஓரத்தில் நீல நிறக் கோடு ஒன்றை முழுத் தூரத்துக்கும் வரைந்திருக்கிறார்கள். இரு நகரங்களுக்கும் இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்பது சாலையிலேயே எழுதியிருக்கும். கோட்டை விட்டு விலகாமல் ஓட்டினால் அடுத்த நகரம் வந்துவிடும். பாலங்கள் உயரத்தில் இருப்பதால் சைக்கிளுக்கெனத் தனிச் சரிவுப் பாதை போட்டு, ஏற்றத்தை நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் அளவில் வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும் கடல்மேல் ஓட்டிப் போவது இதனால்தான். ஒரே தடம், கிளைகள் குறைவு என்பதால் அங்கே கோடு பொருந்தியது. லிம்பர்க் மாதிரி கிளை பிரியும் இடத்தில் கோடு போட்டால் ஊரெல்லாம் கோடாகிவிடும்.

'போனில் வரைபடம் இருக்கும்போது பலகை எதற்கு?' என்ற கேள்வி கட்டாயம் வரும். போன் உதவிதான், எண் வலைக்கென்றே பயணத்தைத் திட்டமிடும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் உச்சி வெயிலில் திரை தெரியாது, மழையில் விரல் வேலை செய்யாது, மாலையில் சார்ஜ் இருக்காது. திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது ஆபத்து வேறு. இன்னொரு காரணத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்: பாதை அங்கே இருப்பதே தெரியாதவருக்குப் போன் எதையும் சொல்லாது. பலகை சொல்லும். காரில் அந்தப் பக்கம் போகிறவர் கண்ணில் அந்த எண்ணோ சின்னமோ திரும்பத் திரும்பப் படும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு வரத் தோன்றும்.

படுக்கை, சாப்பாடு, பஞ்சர்

சைக்கிளில் வருகிறவர் அதிகம் தூக்கிவர முடியாது. அதனால் சாப்பாடு, தண்ணீர், படுக்கை எல்லாவற்றையும் வழியில்தான் வாங்கியாக வேண்டும். மெதுவாகப் போவதால் சின்ன ஊரிலும் நிற்பார். ஊர்க்காரர்களுக்குக் கிடைக்கும் வருமானம் இங்கிருந்துதான் வருகிறது. ஆகவே கடை எங்கே, கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே என்று பார்த்துத்தான் பாதையை வளைக்க வேண்டும். ஊருக்கு வெளியே புறவழியாகப் போகும் அழகான தடத்தைவிட, ஊரின் சந்தைத் தெருவைத் தொட்டுப் போகும் தடம் பல நேரம் மேல்.

ஜெர்மனியின் சைக்கிள் ஓட்டுநர் சங்கமான ஏ.டி.எஃப்.சி., தங்கும் விடுதிகளுக்குச் சான்று கொடுக்கிறது. அதற்கான நிபந்தனைகளைப் பார்த்தால் சைக்கிள் பயணியின் ஒரு நாள் முழுக்க உள்ளே தெரியும். ஒரே ஓர் இரவு தங்க வந்தாலும் அறை கொடுக்க வேண்டும். சைக்கிளைப் பூட்டிவைக்க மூடிய இடம் வேண்டும். நனைந்த துணியைக் காயப்போட வசதி வேண்டும். காலையில் வயிறு நிறையச் சாப்பாடு, பழுது பார்க்க அடிப்படைக் கருவிகள். பெரிய முதலீடு எதுவும் இல்லை, அக்கறைதான் தேவை. பிரான்ஸில் இதே மாதிரி ஒரு சான்று இருக்கிறது, அதற்குப் பலகை வைத்த சைக்கிள் பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் விடுதி இருக்க வேண்டும். நாள் முழுக்க ஓட்டிக் களைத்தவருக்கு அதற்கு மேல் ஐந்து கிலோமீட்டர் என்பதே அதிகம்தான். பழைய அரண்மனைகள் வரிசையாக நிற்கும் லுவார் நதிக்கரையில் ஏறக்குறைய 900 கிலோமீட்டர் பாதை பிரபலமாக இருப்பதில் அரண்மனைகளுக்குப் பங்கு உண்டு, இந்த விடுதிகளுக்கும் உண்டு. ஷிமனாமியில் வழிநெடுகக் கடைகளும் சின்ன விடுதிகளும் காற்றடிக்கும் பம்ப், குடிநீர், கழிப்பறை கொடுத்து உட்காரவும் வைக்கின்றன. வாடகை சைக்கிளை எடுத்த இடத்திலேயே விட வேண்டியதில்லை, வேறொரு நிலையத்தில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பலாம்.

மின்சைக்கிள் வந்தபின் இந்தக் கணக்குகள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. நெதர்லாந்தில் இப்போது விற்கும் புதுச் சைக்கிள்களில் கிட்டத்தட்டப் பாதி மின்சைக்கிள். எழுபது வயதுக்காரர்களும் அறுபது கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். சாப்பிடும் நேரத்தில் சார்ஜ் போட ஒரு பிளக் இருக்கும் கடைக்குக் கூட்டம் சேர்கிறது. வேகமாகப் போகிறவரும் மெதுவாகப் போகிறவரும் ஒரே தடத்தில் வருவதால் பழைய குறுகலான பாதைகளை அகலப்படுத்த வேண்டிய அவசியமும் வந்திருக்கிறது.

கண்ணைக் கவரும் இடம் எப்போது வேண்டும்?

லிம்பர்க்குக்குத் திரும்பிப் போவோம். 2016இல் ஹென்க் நகருக்கு அருகே பொக்ரைக் என்ற இடத்தில் ஒரு குளத்துக்கு நடுவே 200 மீட்டர் நீளப் பாதை போட்டார்கள். பாலமாக மேலே போகாமல், தண்ணீருக்குள் இறங்கிப் போகும் பாதை. மூன்று மீட்டர் அகலம், இரு பக்கமும் கான்கிரீட் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர். ஓட்டுபவரின் கண் உயரத்தில் நீர்மட்டம் இருப்பதால், நீந்தும் வாத்து முகத்துக்கு நேராக வரும். 2019இல் ஹெக்டெல்-எக்செல் காட்டில் மரங்களுக்கு நடுவே பத்து மீட்டர் உயரம் வரை வட்டமாகச் சுற்றி ஏறும் 700 மீட்டர் பாதை வந்தது. இரண்டின் படங்களும் உலகம் முழுக்கப் பரவின. அதைப் பார்க்கவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு மற்ற ஊர்க்காரர்களுக்கு முதலில் தோன்றுவது, 'நாமும் இப்படி ஒன்று கட்டலாம்' என்பதுதான். ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். எண் வலை 1995, குளத்துப் பாதை 2016. இருபது வருடத்துக்கு மேல் வலையை ஓட்டிப் பழக்கி, ஊர் ஊராகக் கடைகளை வளர்த்த பிறகுதான் இதைக் கட்டினார்கள். அதனால் குளத்தைப் பார்க்க வருகிறவர் 200 மீட்டர் ஓட்டிப் படம் எடுத்துக்கொண்டு காருக்குத் திரும்பிவிடுவதில்லை. குளத்துப் பாதை வலையின் ஒரு பகுதி என்பதால், இரு முனையிலும் அடுத்த எண் அவரைக் கூப்பிடுகிறது. வலை இல்லாத இடத்தில் இதே பாதையைக் கட்டியிருந்தால் வாகன நிறுத்தம் மட்டுமே நிரம்பியிருக்கும். முதலில் பலகை, கடைசியில் கண்ணைக் கவரும் இடம் என்ற இந்த வரிசையை மாற்றக் கூடாது.

தரத்தை யார் பார்ப்பது?

ஐரோப்பாவில் நாடு கடந்து போகும் நீண்ட பாதைகளுக்கு யூரோவெலோ என்று பெயர். மொத்தம் 17 பாதைகள். நீலப் பலகையில் மஞ்சள் நட்சத்திர வளையம், நடுவில் பாதையின் எண். இதற்கென்று ஒரு தரச்சான்று முறை இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் முழுப் பாதையையும் ஓட்டிப் பார்த்து, சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, தளம் எப்படி, வாகனம் எவ்வளவு, பலகை தொடர்கிறதா, தங்க இடம் இருக்கிறதா, சைக்கிளோடு ரயில் ஏற முடியுமா என்று குறித்துக்கொள்கிறார்கள். இப்படி முதலில் சான்று பெற்றது, ஆல்ப்ஸ் மலையிலிருந்து வட கடல் வரை போகும் ரைன் நதிப் பாதை, 2014இல். ஜெர்மனியிலும் ஏ.டி.எஃப்.சி. பாதைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது. முதல் ஐந்து நட்சத்திரம் 2008இல் மைன் நதிப் பாதைக்குக் கிடைத்தது.

நான் அதிகம் மதிப்பது பிரிட்டனில் நடந்ததை. பிரிஸ்டல்-பாத் பாதையிலிருந்து வளர்ந்த சஸ்டிரான்ஸ் என்ற தொண்டு நிறுவனம், 1995இல் லாட்டரி நிதியிலிருந்து 4 கோடியே 35 லட்சம் பவுண்டு பெற்று, நாடு தழுவிய சைக்கிள் வலையை உருவாக்கியது. வேகமாக வளர்ந்தது. வளரும் வேகத்தில் பல இடங்களில் வாகனம் ஓடும் சாதாரணச் சாலையிலேயே பலகையை மட்டும் மாட்டி, அதையும் வலையில் சேர்த்துவிட்டார்கள். 2018இல் முழு வலையையும் ஆய்வு செய்தபோது 42 சதவீதம் மோசம் என்று அவர்களே அறிக்கை வெளியிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாகப் பத்திரமாக ஓட்ட முடியுமா என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். 2020இல் வலையின் கிட்டத்தட்ட கால்வாசியை, ஓட்டப் பாதுகாப்பில்லை என்று சொல்லி நீக்கினார்கள் அல்லது தரம் பிரித்து வேறு வகையில் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான மைல்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எண்ணைத் தானே குறைத்துக்கொள்ள ஓர் அமைப்புக்கு மனசு வருவது சாதாரணம் இல்லை. ஆனால் 'சைக்கிள் பாதை' என்ற பலகையை நம்பித்தான் ஒரு தாய் தன் பிள்ளையை அந்தச் சாலைக்குக் கூட்டிவருகிறாள். பலகை என்பது ஒரு வாக்குறுதி. அதைக் காப்பாற்ற முடியாத இடத்திலிருந்து கழற்றிவிடுவதுதான் நேர்மை.

இதே காரணத்தால்தான் பராமரிப்புக்கான பணத்தை முதல் நாளே ஒதுக்க வேண்டும். பலகை வெயிலில் வெளுக்கும், கொடி படர்ந்து மூடும், லாரி இடித்து வளையும், விளையாட்டுக்கு யாராவது அம்பைத் திருப்பி வைப்பார்கள். எண் வலையில் ஒரே ஒரு பலகை காணாமல் போனாலும் அந்தத் துண்டு முழுக்கச் செத்துவிடும். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் பல வட்டாரங்களில் உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் அவ்வப்போது ஓட்டிப் பார்த்து, பலகையைத் துடைத்து, கிளையை வெட்டிவிட்டு, காணாமல் போனதைப் பதிவு செய்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் இதை விரும்பிச் செய்கிறார்கள்.

புதிதாக ஒரு பாதை போட நினைத்தால்

சின்னதாகத் தொடங்குவது நல்லது. ஒரு ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ தொடங்கி அங்கேயே முடியும் 25 கிலோமீட்டர் போதும். பலகைகளை நிரந்தரமாக நடுவதற்கு முன், அட்டையில் எழுதித் தற்காலிகமாகக் கட்டிவிட்டு, அந்த ஊரையே பார்த்திராத ஒருவரைச் சைக்கிளில் அனுப்புங்கள். கையில் போன் கொடுக்க வேண்டாம். நீங்கள் ஐம்பது மீட்டர் பின்னால் வாயே திறக்காமல் போங்கள். அவர் எங்கெல்லாம் வேகத்தைக் குறைத்துத் தலையைத் திருப்பித் தேடுகிறார், எங்கெல்லாம் காலைத் தரையில் ஊன்றி நிற்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பாதை போட்டவர் கண்ணுக்கு அந்த இடங்கள் ஒருபோதும் தெரியாது, ஏனென்றால் அவருக்கு வழி தெரியும். காலை ஊன்றிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு பலகை கூடுதலாக வேண்டும், அல்லது இருக்கும் பலகையை நகர்த்த வேண்டும்.

அது முடிந்ததும் இன்னொருவரை எதிர்த்திசையில் அனுப்புங்கள். ஒரு திசையில் கச்சிதமாக இருக்கும் பலகைகள் மறுதிசையில் வருகிறவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் மழைக்காலம் முடிந்து செடிகொடி நன்றாக வளர்ந்து நிற்கும்போது ஒருமுறை, சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும் நேரத்தில் ஒருமுறை. இவ்வளவும் சரியாக வந்தபின் கம்பத்துக்குக் குழி தோண்டலாம்.